ஆலாத்துறையின் பதினாறு பேர்

அன்று சங்கக்கடை வாசலில் நின்றவர்கள் இவர்கள்: தோணிக்காரன் பரமக்குட்டி, அவன் மனைவி செல்லமணி, அவர்களுடைய பத்து வயது இரட்டைப் பெண்பிள்ளைகள் யோகமும் இராசமும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதினொரு வருடமாக ஒருவரோடொருவர் பேசாத மயிலிப்போடியும் அவன் தம்பி வேலாப்போடியும், கடை மனேஜர் முகைதீன்பாவா, அவர் மனைவி சுபைதா, மகன் அன்சார், மருமகள் நிஹாறா, தேன் எடுக்கிற நல்லதம்பி, அவன் மனைவி வெள்ளச்சி, மீன் வாங்க வந்து, கல்யாணம் முடித்து, இருபத்திரண்டு வருடமாகத் திரும்பிப் போகாத பியதாச, அவன் மனைவி கனகம்மை, இரண்டு கண்ணும் தெரியாத ஹயாத்தும்மா, அவளுடைய கையைப் பிடித்தபடி, இரும்பு வேலை செய்கிற வின்சன் அந்திராது. மொத்தம் பதினாறு பேர். ஊரில் இருந்ததே அவ்வளவுதான். ஆடுகளையும், கணக்கெடுக்க வந்தவரையும் சேர்க்கவில்லை.

கடல் மூன்று மாரிக்காலமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. முதல் மாரியில் தென்னைகளையும், இரண்டாவதில் கரையோரப் பாதையையும், மூன்றாவதில் கிணறு இரண்டையும் எடுத்தது. இனி அடுத்தது வீடுகள்தான் என்று பெரிய அரசாங்கக் கந்தோரில் தீர்மானித்து, ஆலாத்துறைச் சனங்களை வேறு இடத்தில் குடியேற்ற ஆணை பிறந்தது. ஒரே இடத்தில் அல்ல. அவரவரை அவரவர் ஆட்கள் இருக்கிற வீட்டுத் திட்டத்துக்கு அனுப்புவது என்றுதான் கடதாசியில் இருந்தது. அதற்காகத்தான் இந்தக் கணக்கெடுப்பு.

கணக்கெடுப்புக்காரர் மேசையில் உட்கார்ந்து, பெயரைக் கேட்டுவிட்டு, "இனம்?" என்று கேட்டார்.

"ஆலாக்குடி" என்றான் பரமக்குட்டி.

"கண்டல்குடி" என்றாள் செல்லமணி.

"நானும் கண்டல்குடிதான்" என்றார் முகைதீன்பாவா, தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

அந்தப் பக்கத்து ஊர்களில் மனிதருக்குத் தாய்வழியில் ஒரு குடி உண்டு. ஒரே குடிக்காரர் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் கல்யாணம் இல்லை, சாவு விழுந்தால் முதல் பானைச் சோறு அவர்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆலாத்துறையில் குடி மூன்று. ஆலாக்குடியில் ஆறு பேர், கண்டல்குடியில் ஐந்து பேர், சங்குக்குடியில் ஐந்து பேர். வெளியிலிருந்து வந்த பியதாசவுக்குக்கூடக் கல்யாணத்துக்கு முதல் நாள் சங்குக்குடியில் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். ஆகவே அரசாங்கத்து மனிதர் ஒருவர் வந்து நீ யார் என்று கேட்டால் வேறு என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

வின்சனின் முறை வந்தபோது அவன், வெட்கப்படுகிறவன், தரையைப் பார்த்துக்கொண்டு, "சங்குக்குடி" என்றான். அவனைப் பெற்றவள் பெற்ற அன்றே கண்ணை மூடினாள். நான்கு மாதத்துக்கு முன்பு ஹயாத்தும்மாவைப் பெற்றிருந்த பாத்திமுத்து, ஒரு மடியில் தன் பிள்ளையும் மறு மடியில் பறங்கிப் பிள்ளையுமாக வைத்துப் பால் கொடுத்தாள். பால் கொடுத்தவளின் குடி பிள்ளைக்கு வந்தது. அப்படி ஹயாத்தும்மா அவனுக்கு அக்கா முறையில் ராத்தா ஆனாள். அறுபத்தொரு வருடமாக ராத்தாதான்.

கணக்கெடுப்புக்காரர் மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டே போய், பதினாறாவது பெயருக்குப் பிறகு நிமிர்ந்து, "நான் கேட்டது இனம்" என்றார்.

"நாங்க சொன்னதும் அதத்தானே ஐயா" என்றான் நல்லதம்பி.

அவர் பெருமூச்சு விட்டு, மூன்று கட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, புதுக் கடதாசியில் ஐந்து கட்டம் போட்டு, பெயர்களையும் முகங்களையும் உடுப்புகளையும் பார்த்துத் தானே பிரித்து எழுதினார். தமிழர் ஏழு. சோனகர் ஐந்து. வேடர் இரண்டு. சிங்களவர் ஒன்று. பறங்கியர் ஒன்று. ஆட்சேபணை இருந்தால் சொல்ல நாற்பது நாள் தவணை. நாற்பத்தோராம் நாள் காலை ஐந்து வண்டி வரும்: தமிழருக்கு ஒரு பஸ், சோனகருக்கு ஒரு வேன், வேடருக்குப் பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், ஒற்றை ஆட்கள் இருவருக்கும் ஓர் ஓட்டோ வீதம்.

பட்டியலைக் கடைச் சுவரில் இருந்த கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டிப் பூட்டிச் சாவியை முகைதீன்பாவாவிடம் கொடுத்துவிட்டு அவர் தோணி ஏறினார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஹயாத்தும்மா கேட்டாள்: "சோனகருக்கு எந்த ஊராம்?"

"வடக்கால. ஒன்பது கட்டை தூரம்."

"பறங்கிக்கு?"

"டவுணுக்குள்ள. இருபத்தொரு கட்டை, தெற்கால."

 கண் போன நாளிலிருந்து, இந்த ஆறு வருடமும், அவள் நடந்தது வின்சன் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான். வாசலிலிருந்து கிணற்றுக்குப் பத்தொன்பது முடிச்சு; சுபைதாவின் குசினிக்குப் பதினொன்று; கடைக்கு முப்பத்துநான்கு. கடல் ஒவ்வொரு மாரியிலும் வழியை மாற்றியது, அவனும் ஒவ்வொரு மாரியிலும் கயிற்றை அவிழ்த்து, வழியைத் தன் காலால் அளந்து, புதிதாக முடிச்சுப் போட்டான். முடிச்சுக்கு முடிச்சு ஒரே அளவு. ஒரு விரல்கூடக் கூடாது, குறையாது. அங்கே அதை யார் கட்டுவது என்பதுதான் அவர்கள் இரண்டு பேரும் சொல்லாமல் நடந்த விஷயம்.

மறுநாள் காலை முகைதீன்பாவா கடை திறந்து பட்டியலைப் பார்த்தபோது அவருடைய பெயர் வேடர் கட்டத்தில் இருந்தது.

"ஆருடா இதில கை வெச்சது?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஊரே கூடியது. "கண்ணாடிக்குள்ள இரிக்கி. பூட்டு இரிக்கி. சாவி என்ட இடுப்புல இரிக்கி. மறுகா எப்பிடி?"

எழுத்து கணக்கெடுப்புக்காரரின் எழுத்துத்தான். அழித்த தடம் இல்லை. நல்லதம்பியின் பெயர் சோனகரில் இருந்தது, கனகம்மையின் பெயர் பறங்கியரில், மயிலிப்போடியின் பெயர் சிங்களவரில். அடுத்த நாள் எல்லாம் வேறாக இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் வேறு. வின்சன் மட்டும் ஒன்றைக் கவனித்தான்: பெயர்கள் இடம் மாறின, தொகை மாறவில்லை. ஏழு, ஐந்து, இரண்டு, ஒன்று, ஒன்று. கூட்டினால் பதினாறு. அவன் தன் பட்டறைத் தூணில் கரிக்கட்டியால் நாளுக்கு ஒரு கோடு போடத் தொடங்கினான்.

நான்காம் நாள் காலை, மறுபடி வேடர் கட்டத்தில் நின்ற முகைதீன்பாவா, கடை திறக்கப் போனவர் பாதி வழியில் நின்று, காற்றுக்கு முகத்தைத் திருப்பி, மூன்றாவது பாலை மரத்தில் தேன் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் இருந்தது. சோனகர் கட்டத்தில் நின்ற நல்லதம்பி அந்த நேரம் கடைத் தராசில் பருப்பை ஒரு மணி பிசகாமல் நிறுத்துக்கொண்டிருந்தான். செல்லமணி பறங்கியரில் விழுந்த அன்று அடுப்படியில் பறங்கிக் கல்யாண ஆட்டத்தின் அடி ஒவ்வொன்றும் அவள் காலுக்கு வந்தது. இரட்டைப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பரமக்குட்டி, "இவ்வளவு நாளும் எங்க வெச்சிருந்தாய் இந்தக் கால?" என்று கேட்டுக் கரண்டியால் அடி வாங்கினான்.

இப்படி அது ஊரின் வழக்கத்தில் சேர்ந்தது. விடிந்ததும் முதலில் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, பிறகு போய்ப் பலகையைப் பார்த்து இன்று தான் யார் என்று அறிந்துகொண்டு, அதற்கேற்ற வேலைக்குப் போவது. "இண்டைக்கு ஆர் இரும்படிக்கிறது?" "வெள்ளச்சி." "அப்ப நாளைக்குக் கத்தியக் கொண்டாறன், அவ அடிச்சா கூராத்தான் இருக்கும், ஆனாப் பிடி கழண்டிரும்." கும்பிடுவது எப்படி என்று முதல் கிழமை குழம்பினார்கள், கும்பிடுவது அவரவர் விருப்பம், ஆனால் கட்டத்தின் வேலையும் கட்டத்தின் துக்கமும் அன்று அதில் நிற்கிறவருக்குத்தான் என்று பிறகு தானாகவே முடிவாயிற்று.

துக்கம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் பரமக்குட்டி சிங்களவர் கட்டத்தில் நின்றான். அவன் தோணியில் உட்கார்ந்து, துடுப்புச் சவளைத் தண்ணீரில் விட்டபடி, தனக்கு இல்லாத ஒரு தம்பிக்காக, பட்டாள உடுப்புப் போட்டு வடக்கே போய்ப் பெட்டியில்கூடத் திரும்பி வராத தம்பிக்காக, மத்தியானம் வரை அழுதான். பியதாச கரையில் நின்று அதைப் பார்த்தான். தனக்கு அப்படி ஒரு தம்பி இருந்ததை அவன் அந்த ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவன் போய்த் தோணியில் ஏறி எதிரே உட்கார்ந்து, "அவன்ட பேர் சுனில்" என்றான்.

பதினான்காம் நாள் பியதாச தமிழர் கட்டத்தில் நின்றான். விறகுக்குப் போனவன் பாலத்து வளைவில் முழங்கால் மடிந்து விழுந்தான். கனகம்மை ஓடிப்போய்த் தூக்கினாள். "இந்த இடத்தில உனக்கு என்ன செய்தாங்க?" என்று அவன் கேட்டான். இருபத்திரண்டு வருடமாக அவள் சொல்லாததை, அந்த மண்ணிலேயே உட்கார்ந்து, முழுவதும் சொன்னாள். அன்று மாலை வரைக்கும் அவர்கள் வீட்டு அடுப்புப் புகையவில்லை; சுபைதா தன் வீட்டுச் சோற்றைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பி வந்தாள்.

ஒற்றைக் கட்டங்கள் இரண்டுக்கும்தான் எல்லோரும் பயந்தார்கள். ஏழு பேரில் ஒருவராகத் துக்கம் சுமப்பது ஒன்று, தனியாக ஒருவர் சுமப்பது வேறு. ஆகவே சிங்களவர் கட்டத்திலோ பறங்கியர் கட்டத்திலோ தனியே நிற்கிறவரை அன்று தனியே சாப்பிட விடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். மயிலிப்போடி ஒற்றையில் நின்ற ஒரு நாள், எல்லோரும் கடலுக்குப் போயிருந்ததால், மிஞ்சி நின்றது அவன் தம்பி மட்டும். வேலாப்போடி ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து அண்ணனுக்கு முன்னால் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, வாவியைப் பார்த்தபடி அது குடித்து முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.  அவர்களுடைய கோபம் தோணிக்கு அண்ணன் சொன்ன கறுப்புப் பூசுவதா தம்பி சொன்ன நீலம் பூசுவதா என்பதில் தொடங்கியது. தோணி எப்போதோ உக்கிப்போயிற்று.

ஹயாத்தும்மா ஒவ்வொரு காலையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கேட்பாள்: "இண்டைக்கு நான் ஆருடா வின்சன்?"

"இண்டைக்கு நீங்க தமிழ், ராத்தா."

"நீ?"

"வேடர்."

"இண்டைக்கும் இல்லையா?"

"இண்டைக்கும் இல்ல."

இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் விழுந்த நாட்களுக்கு மட்டும் வின்சன் தூணில் கோட்டைக் குறுக்கே வெட்டினான். ஆறாம் நாள், பதினொன்று, பன்னிரண்டு, இருபது, இருபத்தேழு, முப்பத்துமூன்று, முப்பத்தெட்டு. நாற்பதில் ஏழு. மிச்சம் முப்பத்துமூன்று நாள் வேறு வேறு. நாற்பத்தோராம் நாள் எந்தப் பக்கம் விழும் என்று அந்தக் கோடுகளிலிருந்து ஏதாவது வழி தெரியுமா என்று அவன் எத்தனையோ தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தான். ஒரு வழியும் தெரியவில்லை. முகைதீன்பாவா, "என்ன வின்சன், தூணுக்குக் கணக்குப் படிச்சுக் குடுக்கிறியா?" என்று கேட்டார், கேட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் நின்று, உதடு அசைய, வெட்டிய கோடுகளை எண்ணினார்.

நாற்பத்தோராம் நாள் காலை பட்டியல் முதல் நாள் எழுதியபடியே இருந்தது. தமிழர் கட்டத்தில் தமிழர். சோனகர் கட்டத்தில் சோனகர். பறங்கியர் கட்டத்தில் வின்சன் அந்திராது, தனியே.

"இண்டைக்கு நான் நான்தான்" என்றார் முகைதீன்பாவா. அதில் சந்தோஷம் இல்லை.

எல்லோரும் பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்கள், கண் பிசகிப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடியும் வாசித்தார்கள், இரட்டைப் பிள்ளைகள் விரல் வைத்துக் கண்ணாடியில் ஒவ்வொரு பெயராகத் தேடினார்கள். கனகம்மை பியதாசவின் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழர் பஸ், அவனுக்கு ஓர் ஓட்டோ. ஹயாத்தும்மா கேட்கவில்லை. யாரும் சொல்லாததிலிருந்து அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வின்சன் பேசினான். நாலு பேர் கூடிய இடத்தில் அவன் தானாக வாயைத் திறந்து முன்பு யாரும் கேட்டதில்லை.

"நாற்பது நாளும் பேர் மாறிச்சு. தொகை மாறல்ல. வாறவருக்கு எங்கட முகம் தெரியாது. தொகைதான் தெரியும்."

அவன் கடை மேசையில், ஆளுக்கு ஒன்றாக, பதினாறு மட்டிச் சிப்பியை வைத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாற்பது நாள் அந்தப் பட்டியல் தங்களுக்குச் செய்ததைத் தாங்கள் இந்த ஒரு காலையில் செய்ய வேண்டும், தொகையைக் குலைக்காமல் ஆட்களை இடம் மாற்ற வேண்டும் என்று பிறகு விளங்கியது. வின்சன் பரமக்குட்டியின் வீட்டு நாலு சிப்பியைச் சேர்த்து வைத்தான். முகைதீன்பாவாவின் நாலு. நல்லதம்பியும் வெள்ளச்சியும் இரண்டு. பியதாசவும் கனகம்மையும் இரண்டு. அந்த இரண்டையும் பரமக்குட்டி வீட்டு நாலோடு தமிழர் பஸ்ஸுக்கு என்று வைத்தான். மிஞ்சிய ஒற்றை இரண்டுக்கும் ஆளில்லை. வின்சன் தன் சிப்பியை எடுத்துப் பறங்கி ஒற்றையில் வைக்கக் கையை நீட்டினான்.

"அத எடு" என்றான் மயிலிப்போடி. தன் சிப்பியை அங்கே வைத்தான். "எங்களுக்கு ஆரும் இல்ல. இருந்தும் இல்லாத மாதிரித்தான். ஒற்றை ரெண்டும் எங்கட."

வேலாப்போடி தன் சிப்பியை மற்ற ஒற்றையில் வைத்தான்.

இப்போது வின்சனையும் ஹயாத்தும்மாவையும் சோனகர் வேனில் சேர்த்தால் அங்கே ஆறு. வர வேண்டியது ஐந்து. தமிழர் பஸ்ஸில் ஆறு. வர வேண்டியது ஏழு. வின்சன் சிப்பிகளைக் கலைத்துத் திரும்ப வைத்தான், மூன்று தடவை. பிரிக்க முடியாதவர்கள் இரண்டும் நாலுமாக இருந்தார்கள். கட்டங்கள் ஏழும் ஐந்துமாக இருந்தன. எப்படி வைத்தாலும் ஒன்று இடறியது. நான்காவது தடவை வைக்கும் முன் வாவிப் பக்கத்து மண்பாதையில் வண்டிகளின் சத்தம் கேட்டது.

வந்தவர் வேறோர் உத்தியோகத்தர், கையில் அட்டைக் கோவையும் கழுத்தில் வியர்வைத் துவாயுமாக. எல்லோரும் தம் தம் வண்டியில் ஏறியிருந்தார்கள், சாமான்கள் கட்டியாயிற்று, நல்லதம்பியும் வெள்ளச்சியும் லேண்ட்மாஸ்டர் பெட்டியில் பாய்க்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெயர் கேட்கவில்லை. பேனை முனையால் தலைகளை எண்ணினார். வேடர் இரண்டு, சரி. ஓட்டோ ஒன்று, ஒன்று, சரி. தமிழர் பஸ்ஸில் ஆறு. திரும்ப எண்ணினார். ஆறு. சோனகர் வேனில் ஆறு.

"இங்க ஒரு ஆள் கூட. ஆர் அது? இறங்குங்க."

 வின்சன் எழுந்தான். ஹயாத்தும்மா அவன் கையை விடவில்லை.

"ஐயா, எனக்குக் கண் இல்ல. இவன்ட கண்ணாலதான் நான் பாக்கிறன். கண்ண எடுத்து அங்கால வெச்சுப்போட்டு என்ன மட்டும் கொண்டு போவீங்களா?"

"நான் என்னம்மா செய்ய? ஐந்துக்குத்தான் வீடு ஒதுக்கியிருக்கு. ஆறாவது ஆளை எங்க எழுத?"

முன் இருக்கையிலிருந்து முகைதீன்பாவா திரும்பினார். "சேர், சாமானுக்கு ஒரு கட்டம் இரிக்கிதானே? ஆளுக்கு ஒரு பாய், ஒரு வாளி, ஒரு மூட்டை. ராத்தாட மூட்டை சின்னன். இவனச் சாமானோட எழுதுங்களேன்."

நிஹாறா சிரித்துவிட்டாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. உத்தியோகத்தர் வின்சனைப் பார்த்தார். "சாமானா எழுதினா உங்களுக்கு வீடு இல்ல. அட்டை இல்ல. பேரே இருக்காது. விளங்குதா?"

வின்சன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அறுபத்தொரு வருடத்தில் தன் பெயரை அவன் அதிகம் பாவித்ததில்லை. தோளில் சுருட்டிப் போட்டிருந்த கயிற்றை, முடிச்சு எல்லாம் அப்படியே இருக்கிற கயிற்றை, இறக்கி அவருக்குக் காட்டினான்.

"கயிறு எண்டு எழுதுங்க" என்றான்.

அவர் சாமான் கட்டம் இருந்த கடதாசிக்குக் கோவையைப் புரட்டினார். பிறகு எழுதினார்: ஹயாத்தும்மா, பாய் ஒன்று, வாளி ஒன்று, மூட்டை ஒன்று, கயிறு ஒன்று.

"சோனகர் ஐந்து" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஓட்டோக்கள் இரண்டும் முதலில் கிளம்பின. ஒன்று தெற்கே திரும்ப வேண்டும், ஒன்று மேற்கே. திரும்புகிற இடத்தில் வேலாப்போடி தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணன்!"

மயிலிப்போடி ஓட்டோக்காரனின் தோளில் அடித்து நிற்பாட்டினான். பதினொரு வருடத்துக்குப் பிறகு தம்பி கூப்பிடுகிறான். "என்னடா?"

"தோணிக்குக் கறுப்புத்தான் சரி."

மயிலிப்போடி எட்டிப் பார்த்தான். "நீலமும் பரவாயில்ல" என்றான். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னாலிருந்து லேண்ட்மாஸ்டர் ஹோர்ன் அடித்தது.

வேனுக்குள் ஹயாத்தும்மா விரலால் கயிற்றின் முடிச்சுகளைத் தடவியபடி, "இண்டைக்கு நான் ஆருடா?" என்று மெதுவாகக் கேட்டாள். வின்சன் சொன்னான். "நீ?" என்றாள். அவன் கயிற்றின் மறு நுனியை அவள் கையில் கொடுத்தான்.

தமிழர் பஸ் கடைசியாகப் போயிற்று. இரண்டாவது வரிசை ஜன்னல் ஓரத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. இரட்டைப் பிள்ளைகள்கூட, ஜன்னல் வேண்டும் என்று எப்போதும் அடித்துக்கொள்கிறவர்கள், அதில் உட்காரவில்லை. உத்தியோகத்தர் பஸ் வாசற்படியில் நின்று கோவையைத் தொடையில் வைத்துக் கூட்டினார். பட்டியலில் உள்ளவர் பதினாறு. ஏறியவர் பதினைந்து. ஊரில் நிற்பவர் யாருமில்லை என்று எட்டிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, கடைசி வரியில் எழுதினார்: மீதி ஒன்று.